பன்னிரண்டு பங்கும் விடுபட்ட ஒரு பெயரும்

எனக்கு விழுந்த பங்கை அன்று நான் விட்டுக்கொடுத்தது நியாயம் என்று நினைத்தா, வெட்கம் தாங்காமலா? நாலு வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

சுவிஸ் நில அளவைத் துறையில் லேர என்ற தொழிற்பயிற்சி செய்யச் சேர்ந்திருக்கும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரும்படி இந்த மலரின் ஆசிரியர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். இப்படியெல்லாம் ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஆராவ் அலுவலகத்தில் வேலையை விட்டேன். அது ஓய்வா என்பது என் வீட்டுக்கு ஒரு காலை நேரம் வந்து பார்த்தால் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களில் இந்தத் துறைக்கு முன்னால் வந்தவள் நான் என்றபடியால், எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதும் சரியில்லை என்று பட்டது. சொல்வதும் சரிதானா என்று இந்த வரியை எழுதும்போதும் யோசிக்கிறேன்.

பாடனிலிருந்து காலை ரெயிலில் போய், ஆராவில் செம்மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வயல் கரையில் இறங்கும் அந்த வருடங்களை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். மாசி மாதத்துப் புல்லில் உறைபனி காலடியில் நொறுங்கும். கருவியின் முக்காலியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். ஒரு காணியைச் சுற்றி அளந்துகொண்டு போய்த் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரும்போது, இரண்டு முனையும் ஒரு சென்டிமீட்டருக்குள் பொருந்தினால் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை நான் வேறு எதிலும் கண்டதில்லை. பிள்ளை வளர்ப்பில் எதுவும் அப்படிப் பொருந்துவதில்லை. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டதா, தலையணை உயரமோ, யன்னலைப் பூட்டினேனா என்று ஒன்று முடிய ஒன்று வரும்.

அளக்கும் முறையை உங்களுக்கு அலுவலகம் சொல்லித்தரும். நான் சொல்ல வந்தது, சரியாக அளந்த பிறகும் பிழைத்துப்போன ஒரு பங்கீட்டைப் பற்றி. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயில் வளவுக்குப் பின்னால், ரெயில் கரையோரமாக நீளமான ஒரு புல்வெளி உண்டு. அதைத் தமிழ்க் குடும்பங்கள் தோட்டம் செய்ய எடுக்கலாம் என்று ஒரு வருடம் கோயிலை நடத்தும் பங்குச்சபை சொன்னது. இங்கே தோட்டத் துண்டுக்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு துண்டு, அதற்கு மேல் இல்லை, நடைபாதையைத் தொடக்கூடாது, சண்டை வந்தால் எல்லாம் திரும்ப எடுக்கப்படும் என்று கடிதத்தில் இருந்தது. கேட்ட குடும்பங்கள் பன்னிரண்டைவிடக் கூட. கேட்ட ஒழுங்கின்படி முதல் பன்னிரண்டு பேரின் பெயரை எங்கள் குழுவின் செயலாளர் அருளப்பு அண்ணை எழுதினார். அதில் என் பெயரும் இருந்தது. பதின்மூன்றாவதாக, காத்திருப்போரில் முதலாவதாக, மன்னாரிலிருந்து வந்த பீற்றர் அண்ணையின் பெயர்.

"பிள்ளை, நீதானே அளக்கிற வேலை. நீயே பிரிச்சுத் தா. ஆரும் ஒரு கதை கதைக்கக்கூடாது" என்றார் அருளப்பு அண்ணை.

அந்த நேரம் நான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். விவிலியத்தில் இஸ்ரயேலின் பன்னிரண்டு குலங்களும் நிலத்தைப் பங்கிட்ட பகுதி வர இருந்தது. சிறுவயதில் அந்தப் பகுதியை ஊர்ப் பெயர்களின் நீண்ட பட்டியல் என்று தாண்டிப் போனவள் நான். வேலைக்குப் போன பிறகு வாசித்தபோதுதான், இவர்களுக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏழு குலங்கள் பங்கு எடுக்காமல் சும்மா இருக்கின்றன. இன்னும் எத்தனை நாள் தாமதிப்பீர்கள் என்று மோசேக்குப் பிறகு தலைவரான யோசுவா கேட்கிறார். குலத்துக்கு மூன்று பேரைத் தெரிந்து அனுப்புகிறார். அவர்கள் நாட்டைச் சுற்றி நடந்து, ஊர் ஊராக எழுதி, ஏழு பகுதியாக்கிக் கொண்டுவருகிறார்கள். அதற்குப் பிறகுதான் சீலோ என்ற ஊரில் எல்லார் முன்னாலும் சீட்டு விழுகிறது. அதாவது, எழுதும்போது எது யாருக்கு விழும் என்று எழுதுகிறவனுக்கே தெரியாது. நல்ல நிலத்தைக் கெட்டது என்று எழுதினால் அவன் தலையிலேயே அது விழலாம். பெரிய குலத்துக்குப் பெரிய பங்கு, சிறியதற்குச் சிறியது. யூதாவுக்கு விழுந்தது அவர்கள் தேவைக்கு மிஞ்சியது என்று கண்டபோது, அதற்குள்ளேயே சிமியோனுக்கு இடம் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் யோசுவா தனக்கென்று ஓர் ஊரை எடுத்தார்.

நானும் அப்படியே செய்வது என்று முடிவெடுத்தேன். கடைசி வரியைத் தவிர.

தை மாதத்தில், பட்டியலில் ஏழாவதாக இருந்த சவிரிமுத்து அண்ணை இறந்துபோனார். பாடனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தைந்து வருடம் நின்றவர். மனைவி முன்பே காலமாகிவிட்டார். மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவள் ஜெனிற்றா தாதிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். கடைசி மெலனிக்குப் பதினாறு. அடக்கம் முடிந்து இரண்டு கிழமையில் அருளப்பு அண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"சவிரி போயிட்டான், பாவம். அவன்ர பேரை எடுத்துவிடு பிள்ளை. பீற்றரை ஏத்து."

என் மகளுக்கு அன்று காய்ச்சல். அவளை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் கணினியில் ஒரு வரியை அழித்தேன். கீழே இருந்த வரி மேலே வந்தது. அரை நிமிடம்கூட இல்லை. பிள்ளைகளைக் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. காய்ச்சல் இல்லாவிட்டால் கேட்டிருப்பேனா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். பட்டியல் மேலிடத்திலிருந்து வந்தால் அதை ஒழுங்காகப் பதிவது என் குணம். அலுவலகத்தில் அதற்காகத்தான் என்னைப் பாராட்டுவார்கள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று எல்லாரையும் அந்தப் புல்வெளிக்குக் கூப்பிட்டேன். பனி கரைந்து சேறாகக் கிடந்தது.

"தங்கச்சி, எல்லாருக்கும் ஒரே அளவா வெட்டிவிட்டால் முடிஞ்சுது. ஏன் எங்களைச் சேத்துக்குள்ள நடக்க விடுறியள்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரே அளவெண்டால் அந்த ரெயில் கரைத் துண்டு உங்களுக்கு விழுந்தா சம்மதமோ அண்ணை?"

"ஐயோ, அந்தக் கல்லுத் துண்டோ? அது பீற்றருக்கு விழட்டும்."

"விழட்டும் விழட்டும்" என்றார் பீற்றர் அண்ணை. "கல்லுப் பொறுக்கி என்ர மனிசிக்கு ஒரு கோட்டை கட்டிக் குடுக்கிறன். கனநாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறா."

நடந்து பார்த்தவர்களே சொன்னார்கள்: தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மண் கறுப்பு, வெயிலும் விழும். நடுவில் பரவாயில்லை. ரெயில் கரைப் பக்கம் கல், பின்னேரம் நிழல். அவர்கள் சொன்னதை அங்கேயே எல்லார் முன்னாலும் எழுதினேன். குழாய்ப் பக்கத் துண்டுகளைச் சிறியதாகவும் கல் பக்கத் துண்டுகளைப் பெரியதாகவும் வெட்டினேன். அந்தத் தண்டவாள ஓரத்து மண்ணில் விளைவதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று நானாகவே பயந்து மண்ணைப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். பிழை இல்லை என்று வந்த பிறகுதான் நித்திரை வந்தது. அளவில் நான் இன்றும் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை.

அன்றே நாங்கள் எல்லை முளைக்கட்டைகளை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெனிற்றா வந்தாள். தகப்பனின் றப்பர் சப்பாத்தைப் போட்டிருந்தாள். காலுக்கு மிகப் பெரிசு. நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, அப்பாவின்ர பேருக்கு நான் வந்திருக்கிறன்."

 அருளப்பு அண்ணையைப் பார்த்தேன். அவர் அவளைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் போனேன்.

"பிள்ளை, கோவிக்காதை. நீங்கள் மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள். படிக்கிறியள். நாளைக்குக் கலியாணம் கட்டிப் போயிடுவியள். ஆர் உதைக் கொத்துறது?"

"உங்கட மகனும் கலியாணம் கட்டித்தானே மாமா பேர்ண் பக்கம் போனவர்? உங்கட பேரை ஆரும் எடுக்கேல்லையே."

"நான் உயிரோட இருக்கிறன் பிள்ளை."

"ஓம். எங்கட அப்பா செத்துப்போனார். அதுக்காக அவர் கேட்டது இல்லையெண்டு ஆகுமோ?"

அருளப்பு அண்ணை என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். "குழுவில கதைச்சுப் பாப்பம் ஜெனிற்றா" என்றேன். குழுவில் கதைப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். பெயரை அழித்தது என் விரல்.

அடுத்த நாள் ஞாயிறு வகுப்பு. நான் ஒழுங்கு மாற்றிப் படிப்பிக்கிறவள் அல்ல. பாடத்தில் அன்று வந்தது, அதே பங்கீட்டில் தகப்பன் பங்கைக் கேட்ட ஐந்து சகோதரிகளின் கதை. தகப்பன் பாலைவனத்திலேயே இறந்துபோகிறார், ஆண் பிள்ளை இல்லை. ஐந்து பெண்களும் கூடாரத்து வாசலில் எல்லார் முன்னாலும் வந்து நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. கடவுளிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். தீர்ப்புக் கிடைத்து வருடங்கள் போன பிறகு, நிலத்தை உண்மையிலேயே பங்கிடும் நாளில், அவர்கள் மறுபடி வந்து நினைவூட்ட வேண்டியிருந்தது. நான் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பத்து வயதுப் பிள்ளை ஒன்று கையை உயர்த்தியது.

"ரீச்சர், அப்ப ஜெனிற்றா அக்கா ஆக்களுக்கு ஏன் தோட்டம் இல்லை?"

"அது வேற" என்றேன்.

பிள்ளை கையைக் கீழே போட்டது. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அன்று பின்னேரமே அருளப்பு அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.  "என்ன பிள்ளை, அழுறியோ?" என்றுதான் முதலில் கேட்டார்.

"அண்ணை, சவிரி அண்ணையின்ர பேரைத் திரும்பப் போடுவமோ?"

"போடலாம். பீற்றர் தன்ர பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டான். நாலும் ஸ்ட்ரோபெரி நடுறம் எண்டு துள்ளுதுகள். நீ போய் இல்லையெண்டு சொல்லுறியோ?"

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பாத்தியோ. அதுதான் சொல்லுறன், விடு."

விட்டேன். பதின்மூன்றாவது துண்டு வெட்ட முடியாது, நடைபாதையைத் தொட முடியாது. பீற்றர் அண்ணை வீட்டில் நாலு பிள்ளைகள், மூன்று அறை, பல்கனியும் இல்லை. அவருக்குத் தோட்டம் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சீட்டு எடுக்கும் கிழமையில், அலுவலகத்தில் சுனூனிக்கு, அதாவது காலை ஒன்பது மணிச் சிற்றுண்டிக்கு, இருந்தபோது என்னோடு வேலை செய்த சுவிஸ்காரியிடம் இதைக் கதைத்தேன். அவள் பாணைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "உனக்கும் அதில் துண்டு உண்டா?" உண்டு என்றேன். "அப்படியென்றால் நீ கடைசியாக எடு" என்றாள். யோசுவா செய்ததும் அதுதான். வகுப்பில் நானே படிப்பித்ததும் அதுதான். ஆனால் கடைசியாக எடுத்தால் நல்லவள் வேஷம் போடுகிறேன் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். பட்டியலில் நாலாவது ஆள் நான். ஆகவே நாலாவதாகவே எடுப்பது என்று முடிவெடுத்தேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் கூடினோம். கண்ணாடிக் கோப்பைக்குள் மடித்த பன்னிரண்டு துண்டுக் கடதாசி. ஜெனிற்றாவும் தங்கைமாரும் பின் வரிசையில் இருந்தார்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முதல் மூன்று பேருக்கும் நடுத் துண்டுகள் விழுந்தன. நான் கையை விட்டு எடுத்துப் பிரித்தேன். ஒன்று. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துத் துண்டு.

 யாரோ ஒருவர், பகிடியாகத்தான், "அளந்த கைக்கு அதிட்டமும் இருக்குது போல" என்றார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். காது இரண்டும் சுட்டது. கடதாசியை மடித்தவரும் நானில்லை, கோப்பையைக் குலுக்கியவரும் நானில்லை. அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் இன்னும் மோசம்.

கடைசிச் சீட்டு பீற்றர் அண்ணைக்கு. பன்னிரண்டு, கல்லுத் துண்டு. அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்தேன். இதை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை.

"என்ர துண்டைச் சவிரி அண்ணையின்ர பிள்ளையளுக்குக் குடுக்கிறன்" என்றேன்.

கைதட்டல் இன்னும் பெரிதாக வந்தது. என் கணவர் மகளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கதைக்காத விஷயம். அப்போது பின்னாலிருந்து ஜெனிற்றா எழுந்தாள்.

"நன்றி அக்கா. ஆனா எங்களுக்கு உங்கட பங்கு வேண்டாம். அப்பாவின்ர பங்குதான் வேணும்."

மண்டபம் திரும்பி அவளைப் பார்த்தது. அவர்கள் உரிமையாகக் கேட்டதை நான் தானமாக்கிவிட்டேன் என்று எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. அவள் கேட்டது தகப்பன் பெயரை. நான் கொடுத்தது என் நல்ல மனதை.

பீற்றர் அண்ணை தன் கடதாசியை மடித்துக்கொண்டு எழுந்தார். "தங்கச்சி, இது அவையளின்ர எண்டால் சொல்லுங்கோ. நான் விடுறன்." அவருடைய பிள்ளைகள் நாலும் முன் வரிசையில். சின்னது அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருங்கோ அண்ணை, அது உங்கடதான்" என்றேன்.

யாரைக் கேட்டு அப்படிச் சொன்னேன்? அளப்பவளுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் அந்த நேரம் எல்லாரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். உங்களுக்கும் இது நடக்கும். வரைபடம் உங்கள் கையில் இருப்பதால், அதில் இல்லாததையும் நீங்கள் தீர்த்துவைப்பீர்கள் என்று ஆட்கள் நினைப்பார்கள். அந்த நேரம் "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். மோசேயே அப்படித்தான் செய்தார். நான் செய்யவில்லை.

கடைசியில் மெலனிதான் அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, எடுப்பம். அப்பா வாங்கின விதையெல்லாம் வீட்டில கிடக்குது. வேற எங்க போடுறது?"

ஜெனிற்றா தங்கையின் கையைப் பிடித்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். அருளப்பு அண்ணை கூட்டக் குறிப்பில், முதலாம் துண்டு என் பெயரில், பாவிப்பவர்கள் சவிரிமுத்துவின் பிள்ளைகள் என்று எழுதினார். ஒழுங்கு தவறக்கூடாது என்றார்.

யார் கொத்துவார்கள் என்று கேட்டவர்களுக்கு அந்தக் கோடையே பதில் வந்தது. ஜெனிற்றா ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருவாள். மற்ற இருவரும் பள்ளிக்கூடப் புத்தகத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுக் களை பிடுங்குவார்கள். பச்சை மிளகாயும் பயற்றங்காயும் கீரையும் அந்தத் துண்டில் போல வேறெதிலும் வரவில்லை. அந்த நாலு கோடைகளை நினைத்தால் இன்னும் மனம் குளிர்கிறது. என் மகள் அங்கேதான் நடக்கப் பழகினாள். அவள் மண்ணை அள்ளி வாயில் போடுவாள், நான் ஓடுவேன், மெலனி சிரிப்பாள். அந்தப் பக்கம் பீற்றர் அண்ணை பொறுக்கிய கல்லால் உண்மையாகவே முழங்கால் உயரத்துக்கு ஒரு மதில் கட்டி, மனைவியைக் கூப்பிட்டுக் கோட்டை என்று காட்டினார். மதிலுக்குள்ளே ஸ்ட்ரோபெரி. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது.

ஆனால் பதினொரு முளைகளில் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். முதலாவது முளையில் எண் மட்டும்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் முளைகளுக்குப் புதிதாகப் பெயின்ற் அடிப்போம். "பேரை எழுதன் ஜெனிற்றா" என்று ஒருமுறை சொன்னேன். "குறிப்பில உங்கட பேர்தானே அக்கா இருக்குது. எழுதுறதெண்டால் அதைத்தான் எழுத வேணும்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

இந்த வசந்தத்தில் துண்டுகளுக்குக் கொடுத்த நாலு வருடத் தவணை முடிகிறது. பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும். தன் துண்டைத் தானே பாவிக்காதவர் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது காத்திருப்போரில் முதல் ஆளுக்குப் போகும் என்று பங்குச்சபை விதி வைத்திருக்கிறது. காத்திருப்போர் இப்போது ஏழு குடும்பம். நான் என் துண்டைப் பாவிப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வரைபடத்தையும் பட்டியலையும் கடைசித் தடவையாக என்னையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அருளப்பு அண்ணை.

சவிரி அண்ணையின் பெயரை நான்தான் கேட்காமல் அழித்தேன், அது பிழை என்று கூட்டத்தில் சொல்லலாம். சொல்ல எனக்குப் பயம்தான், ஆனாலும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அருளப்பு அண்ணை சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்: "அப்ப அவையளின்ர துண்டு உன்ர முதலாம் துண்டில்லை பிள்ளை, பீற்றரின்ர பன்னிரண்டாம் துண்டு." அவர் சொல்வது கணக்குப்படி சரி. ஒரு பெயர் இறங்கியதால் ஏறிய பெயர் பீற்றர் அண்ணையுடையது. அந்த மதிலை இடித்து அந்தப் பிள்ளைகளை வெளியே விடச் சொல்லி என் வாயால் எப்படிச் சொல்வது? பேசாமல் என் துண்டையே சவிரி அண்ணையின் பெயருக்கு மாற்றினால், ஏழு குடும்பத்தில் முதல் நிற்கிறவரின் உரிமையை மறுபடியும் நானாக எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தவளாகிறேன். ஒன்றுமே சொல்லாவிட்டால் மூன்று பிள்ளைகளும் தகப்பன் வாங்கிய விதையோடு வெளியே போவார்கள்.

ஜெனிற்றாவிடம் கேட்டேன். "நீங்கள் அழிச்சது அக்கா. நீங்கள் யோசியுங்கோ" என்றாள்.

பீற்றர் அண்ணை இதை வாசிப்பார். அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை என்பதை இங்கேயே எழுதிவைக்கிறேன். எனக்கு இதைத் தனியே தீர்க்கத் தெரியவில்லை, தனியே தீர்க்கவும் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் ஞாயிறு கூட்டம். அளக்கப் படிக்கிற நீங்களும், பிள்ளை வளர்க்கிற தாய்மாரும், தோட்டத்துக்குக் காத்திருக்கிற ஏழு குடும்பமும் எனக்குச் சொல்லுங்கள். சவிரிமுத்து என்ற பெயரை நான் எந்தத் துண்டில் எழுத வேண்டும்?